நாதஸ்வரமும் நாலு சுவரும்

விருதுநகர்ப் பக்கத்தில் பிறந்த காதுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெடி. மற்றொன்று, பங்குனிப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வேப்பமரத்து உச்சியில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ஒலித் தொல்லையைப் பற்றி ஒரு நீண்ட தீர்ப்பு வழங்கிற்று. அதில் பட்டாசையும் ஒலிபெருக்கியையும் ஒரே கூண்டில் ஏற்றி விசாரித்திருந்தார்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரண்டும் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். எங்கள் ஜில்லாவை மனசில் வைத்துக்கொண்டே எழுதின தீர்ப்பு மாதிரி எனக்குப் பட்டது.

இந்த ஜில்லாவிலும் வீட்டுக்குள் நிதானமாக உட்கார்ந்து சங்கீதம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வத்தல் வியாபாரி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ஒரு நாள் கேட்டார்: “வால்வு வச்ச செட்டுத்தான் தேன் மாதிரி இருக்குமாமே தம்பி? அதை ஒண்ணு வாங்கிப் போட்டா, காருகுறிச்சி நாயனம் நேர்ல கேட்ட மாதிரியே இருக்குமாமே?” பையன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான், லட்ச ரூபாய் வரை போட அவர் தயார். நான் உடனே பதில் சொல்லவில்லை. “அண்ணாச்சி, முதலில் எந்த ஸ்பீக்கர் என்று பார்ப்போம், வால்வு அப்புறம்” என்றேன். அந்தப் பதிலுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது யந்திரத்தைப் பற்றிய கேள்வி மாதிரித் தோன்றினாலும், என் அபிப்ராயத்தில் இது ரஸனையைப் பற்றிய கேள்விதான். ஒரு பாட்டுச் செட் சங்கீதத்தை வெறுமே ஒப்பிப்பதில்லை. அதற்கு ஒரு வியாக்யானம் செய்கிறது. எதைத் தூக்கிச் சொல்லலாம், எதை மழுப்பலாம் என்று அது தானாகத் தீர்மானிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மாதிரி. சில மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தைவிட இனிப்பாக எழுதிவிடுவார்கள், வாசகனும் சந்தோஷப்படுவான், மூல ஆசிரியன் என்ன ஆனான் என்று யாரும் விசாரிப்பதில்லை.

காருகுறிச்சி அருணாசலத்தையே எடுத்துக்கொள்வோம். 1921-ல் பிறந்தார், ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர், சாத்தூரைத் தாண்டித் தெற்கே இருக்கிற கோவில்பட்டியில் குடியேறியவர், 1964-ல், நாற்பத்து மூன்று வயசுகூட நிறையாத நிலையில் காலமானார். கந்தகமும் கரிசலும் சேர்ந்த இந்த வறண்ட பூமிக்கு அவ்வளவு குளிர்ச்சியான வாசிப்பு எப்படி வாய்த்தது என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம் உண்டு. அவரை நேரில் கேட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மிச்சம் இருப்பது இசைத்தட்டுகள், ரேடியோ ஒலிப்பதிவுகள், பிறகு ‘கொஞ்சும் சலங்கை’ என்ற 1962-ஆம் வருஷத்துப் படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைப்பில் எஸ். ஜானகியோடு சேர்ந்து வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’. அந்த ஆபேரியை அறியாத தமிழர் இருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் அதைக் கேட்டது குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். அது காருகுறிச்சியுமல்ல, ஜானகியுமல்ல. இரண்டு பேரும் தகரத்துக்குள் அடைபட்டுப் போடுகிற கூச்சல்.

குழாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது செய்ய வந்த வேலை வேறு. ஒரே ஒரு வாட் மின்சாரத்தைக் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்து பார்த்தால், 105 டெசிபல் வரைக்கும் கத்துகிற குழாய்கள் உண்டு. வீட்டில் வைக்கிற சின்னப் பெட்டி ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டில் 85 டெசிபல்தான் தரும். அது 95 தர 10 வாட் கேட்கும், 105 தர 100 வாட் கேட்கும். அடுத்த ஊருக்கு ‘இங்கே பொங்கல்’ என்று சொல்வதற்குக் குழாயைப் போலச் சிக்கனமான சாதனம் கிடையாது. அந்தச் சிக்கனத்துக்கு விலையாகக் கீழ் ஸ்தாயி முழுவதையும் அது தின்றுவிடுகிறது. தவிலின் தொப்பி என்று ஒன்று இருப்பதே குழாய்க்குத் தெரியாது. மேலேயும் ஒரு அளவுக்கப்புறம் கத்தரித்துவிடும். நடுவில் மிஞ்சுகிறதை மூன்று மடங்காக்கித் தள்ளும்.

இங்கேதான் வால்வு பக்தர்கள் மறந்துவிடுகிற ஒரு சரித்திரம் இருக்கிறது. டிரான்சிஸ்டர் 1947-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஊர் மைக் செட்டுக்குள் வந்து சேர இன்னும் பல வருஷங்கள் ஆயின. அதுவரை மைக் செட்டுக்காரர் மாட்டு வண்டியில் ஏற்றி வந்த ஆம்ப்ளிஃபையர் முழுக்க முழுக்க வால்வுதான். இன்று வெல்வெட்டில் சுற்றி விற்கிறார்களே, அதே ஜாதி வால்வு. அந்த வால்வு வழியாகத்தான் தேன் போன்ற பாட்டெல்லாம் தகரமாக வந்து விழுந்தது. ‘வால்வின் இனிமை’ என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். அதே காலத்தில் பணக்கார வீட்டு ஹாலில் மர அலமாரி போல ஒரு ரேடியோகிராம் இருந்தது. அதற்குள்ளும் வால்வுதான். ஆனால் அதில் அகலமான காகித ஸ்பீக்கர் ஒன்று, கனமான மரப்பெட்டிக்குள், முன்னால் துணி போர்த்து உட்கார்ந்திருந்தது. அது இனித்தது. வால்வு இரண்டு இடத்திலும் ஒன்றேதான். மாறினது ஸ்பீக்கரும், அது உட்கார்ந்த இடமும்.

வால்வு ப்ரீ ஆம்ப்ளிஃபையர் என்னதான் செய்கிறது? இசைத்தட்டில் ஓடுகிற ஊசி எழுப்பும் மின்சாரம் மிக மெலிசு. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் நாலைந்து பங்கு. அதை நூறு மடங்கு பெருக்கிப் பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு ஊட்டுவது முதல் வேலை. இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. தட்டில் பாட்டைச் செதுக்கும்போது கீழ் ஸ்தாயியை அமுக்கி, மேல் ஸ்தாயியைத் தூக்கிச் செதுக்குகிறார்கள். திருப்பிப் பாடும்போது அதை எதிர்த் திசையில் சரி செய்ய வேண்டும். 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுக்காரர்களின் சங்கம் இதற்கு ஒரே அளவை வகுத்தது. அதற்கு முன்பு கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஆகவே ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 சுற்றுத் தோடியை இன்றைய ப்ரீ ஆம்ப்ளிஃபையரில் அப்படியே போட்டால், அன்றைக்குத் தூக்காத மேல் ஸ்தாயியை இது தேவையில்லாமல் அமுக்கிவிடும். நாதஸ்வரம் கம்பளி போர்த்துக்கொண்டு வாசிக்கும். அதைக் கேட்டுவிட்டு, “ஆஹா, பழைய காலத்துக் கதகதப்பு!” என்று கண்ணை மூடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ரஸிப்பது பிள்ளையவர்களை அல்ல, ஒரு கணக்குப் பிசகை.

இதில் இன்னொரு வேடிக்கை. இன்று முக்கால்வாசிப் பேர் கேட்பது இசைத்தட்டு இல்லை, ஸி.டி., அல்லது போன். ஸி.டி. பிளேயர் சுமார் இரண்டு வோல்ட் தருகிறது. அநேகப் பவர் ஆம்ப்ளிஃபையர்கள் முழு மூச்சோடு கத்துவதற்கே அவ்வளவு தேவைப்படாது. அப்படியானால் நடுவில் வால்வு எதைப் பெருக்குகிறது? முதலில் குறைத்து, பிறகு கூட்டிக் கொடுக்கிறது. வேலையில்லாத உத்தியோகஸ்தர் ஃபைலை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றுகிற மாதிரி.

வால்வுக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வால்வு ஒலியை லேசாகக் கோணலாக்கும்போது அந்தக் கோணல் பெரும்பாலும் மேல் ஸ்தாயி ஷட்ஜமாக, அதாவது எழுந்த ஸ்வரத்தின் நேர் இரட்டிப்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே காதுக்கு உறுத்துவதில்லை. நம்மவர்களுக்கு இது புதிசு இல்லை. தம்புராவின் தந்திக்குக் கீழே, குதிரையின் மேல், ஒரு நூலைச் செருகுகிறோமே, ஜீவாளி, அது செய்கிற வேலையும் இந்த இனம்தான். ஒரு தந்தியிலிருந்து பல மேல் ஸ்வரங்களை அது கிளப்பிவிடுகிறது. ஸி. வி. ராமன் 1921-லேயே வீணை, தம்புராவின் குதிரையைப் பற்றி இதை ஆராய்ந்து எழுதினார். எனவே வால்வின் இனிமை மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். என் ஆட்சேபம் வேறு. பாடகர் தம்புராவைத் தாமே தேர்ந்தெடுத்து, தாமே சுருதி கூட்டி, பின்னால் வைத்துக்கொள்கிறார். வால்வு, யாரும் கேட்காமல் தானும் ஒரு தம்புராவைத் தூக்கிக்கொண்டு மேடையேறுகிறது. ஒற்றைக் குரலுக்கு அது பொருந்திப் போகலாம். நாயனமும் தவிலும் ஒத்தும் ஜாலராவும் ஒரே சமயத்தில் வரும்போது, அந்தக் கோணல் ஒன்றோடொன்று கலந்து, எந்த ஸ்வரத்திலும் சேராத கசடை உண்டாக்கும். ஒழுங்காகக் கட்டப்பட்ட வால்வு ப்ரீ ஆம்ப்ளிஃபையரில் இந்தக் கோணல் காதுக்கே எட்டாத அளவு குறைவு. எட்டவில்லை என்றால் அதற்காகப் பணம் கொடுப்பானேன்? எட்டுகிறது என்றால் அதைச் சங்கீதத்தோடு சேர்ப்பானேன்?

சில பேருக்கு அந்தச் செந்நிற வெளிச்சம் பிடித்திருக்கிறது. ஸ்விட்சைப் போட்டு அரை நிமிஷம் காத்திருப்பது ஒரு பூஜை மாதிரி இருக்கிறது. அதில் தப்பில்லை, நானும் விளக்கேற்றிவிட்டு உட்காருகிற ஜாதிதான். ஆனால் இப்போது இணையத்தில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வருகிற சின்ன வால்வு ப்ரீ ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு சாமர்த்தியம் பண்ணியிருக்கிறார்கள். வால்வின் அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். நாம் பார்த்துச் சொக்குகிற செந்நிறம் அந்த விளக்கினுடையது. வால்வு முழு மூச்சோடு வேலை செய்ய இருநூறு வோல்ட்டுக்கு மேல் கேட்கும். இவற்றில் அதற்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான். மத்தாப்பைக் காட்டி வெடியை விற்பது என்று சிவகாசிப் பக்கம் சொன்னால் புரியும்.

அப்படியே நல்ல வால்வு ப்ரீ ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கித்தான் தீருவேன் என்கிறவர் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அது வெளியே தள்ளுகிற வாயின் தடையைவிட, பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்குகிற வாயின் தடை பத்து மடங்காவது இருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் பார்க்காமல் முடிச்சுப் போட்டால் கீழ் ஸ்தாயி தேய்ந்து போகும். இரண்டு கணக்கும் காகிதத்தில் அச்சடித்தே வரும். கடைக்காரர் சொல்லா விட்டால் கேட்க வேண்டும். வால்வின் பக்கத்தில் விரலால் மெதுவாகத் தட்டினால் சில வால்வுகள் ஸ்பீக்கரில் மணி அடிக்கும். அதையும் கடையிலேயே தட்டிப் பார்த்துவிடலாம்.

இனி ஸ்பீக்கர். இன்று நம் வீட்டில் இருக்கிற ஸ்பீக்கரின் மூதாதை 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் செய்தது: ஒரு காந்தம், அதற்குள் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டின ஒரு காகிதக் கூம்பு. நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை. சிவகாசிக்காரருக்குக் காகிதத்தின் குணத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இறுக்கிச் சுற்றினால் வெடிக்கும், அச்சில் கொடுத்தால் முருகனாகும். விளிம்பில் தளர்த்திக் கட்டித் தொங்கவிட்டால் பாடும்.

அந்தக் காகிதத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதில்தான் உலகத்துப் புத்திசாலித்தனமெல்லாம் செலவாகியிருக்கிறது. 1946-ல் க்ளிப்ஷ் என்ற அமெரிக்கர், சுவர் மூலையையே குழாயின் ஒரு பகுதியாக்கி, பீரோ அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் செய்தார். நம் குழாயின் படித்த ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஒரு வாட்டில் வீட்டை நிறைக்கும், நம் வீட்டு வாசற்படியில் நுழையாது. 1954-ல் வில்ச்சர் என்பவர் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்ப்ரிங்காக்கி, சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான கீழ் ஸ்தாயியை வரவழைத்தார். அதற்கு வாட் நிறைய வேண்டும். 1957-ல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் க்வாட் கம்பெனி, காகிதமே இல்லாமல், மின்சாரம் ஏற்றிய மெல்லிய படலத்தை ஆட வைத்தது. குரலுக்கு அதை மிஞ்சினது இல்லை என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் தவிலின் அடியைத் தாங்குகிற பிராணி இல்லை அது. ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறின படலம் தூசியை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் வைகாசிக் காற்றை நினைத்துப் பார்த்து அதை விட்டுவிட வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை பி.பி.ஸி.காரர்களுடையது. வெளியூர் ஒலிபரப்புக்குப் போகிற வண்டிக்குள் வைப்பதற்காக 1970-களில் அவர்கள் ஒரு குட்டி ஸ்பீக்கர் தயாரித்தார்கள். எல்.எஸ்.3/5ஏ என்று பெயர். ஒரு கையால் தூக்கிவிடலாம். அவர்களுடைய பொறியியல் வழக்கம், பெட்டியிலிருந்து வருகிற குரலை, நேரில் பேசுகிற மனுஷனுடைய குரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. எவ்வளவு இனிக்கிறது என்று கேட்கவில்லை; எவ்வளவு அவன் மாதிரியே இருக்கிறது என்று கேட்டார்கள். இது சரியான விமரிசன முறை. சின்ன அறையில் கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இந்த வம்சத்துப் பெட்டி, அதே பெயரில் இல்லா விட்டாலும் அதே புத்தியில் செய்த ஒன்று, போதும் என்பது என் எண்ணம்.

கடையில் சோதிப்பதற்கு வத்தல் வியாபாரியிடம் நான் ‘சிங்கார வேலனே’யைத்தான் எடுத்துப் போகச் சொன்னேன். அந்தப் பாட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஜானகி பாடின சங்கதியை நாயனம் வாங்கிக்கொள்கிறது. நாயனம் விட்டதைக் குரல் எடுக்கிறது. கடைசியில் ஸ்வரத்தில் இருவரும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். அந்தப் பாட்டின் உயிரே, இரண்டும் ஒன்றாகிவிடும் போலிருந்தும் ஒன்றாகாமல் இருப்பதுதான். கெட்ட ஸ்பீக்கரில் நாயனம் சீறிக்கொண்டு வந்து பெண் குரலை விழுங்கிவிடும். அதிக இனிப்பான செட்டில் சீவாளியின் உரசல் மழுங்கி, நாயனம் க்ளாரினெட் மாதிரி ஆகிவிடும். இரண்டும் பஞ்சாமிர்தமாகக் கலந்துவிடும். நிறையப் பேர் இந்த இரண்டாவதைத்தான் நல்ல செட் என்கிறார்கள். நல்ல ஸ்பீக்கரில், குரலுக்குப் பின்னால் தொண்டையும், நாயனத்துக்குப் பின்னால் சீவாளியும் இருப்பது தெரியும். எடுத்துப் போனது பழைய ஒற்றைத் தடப் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், காற்றில், ஒரே இடத்திலிருந்து பாட்டு வர வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அலைந்தால், ஜோடி சேரவில்லை என்று அர்த்தம்.

கடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு பெரிய நகரத்துக் கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கரை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடினதற்கு மாறும்போதெல்லாம் அந்தப் பையனுடைய விரல் ஒலிக் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டது. கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் கொஞ்சம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். அது காதின் பலவீனம். கண்ணின் பலவீனம் அதைவிட மோசம். 1994-ல் டூல், ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் திரையில்லாமலும் கேட்க வைத்து மார்க் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டவர்களின் மார்க்கு, பெட்டியின் அளவையும் பெயரையும் பார்த்துச் சாய்ந்தது. கல்யாணச் சந்தையில் நாம் செய்கிறதுதான். கூட வருகிறவரிடம் குமிழைக் கொடுத்து, முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது.

எங்கள் ஜில்லாக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது 1999-ல் வந்த விதி. வீட்டில் சங்கீதம் கேட்க 75 டெசிபல் தாராளம். வித்தியாசம் ஐம்பதுதானே என்று நினைக்கலாம். சக்தியில் அது லட்சம் மடங்கு. உரத்த சத்தத்தால் காது கெடும்போது முதலில் போவது நாலாயிரம் அதிர்வுக்குப் பக்கத்தில் உள்ள பகுதி. சீவாளியின் உரசலும் ‘ச’ ‘த’ என்ற எழுத்துக்களின் கூர்மையும் அங்கேதான் வாசம் செய்கின்றன. அதை இழந்த காது, மேல் ஸ்தாயியைத் தூக்கிவைத்த ஸ்பீக்கரைத்தான் ‘தெளிவு’ என்று வாங்கிப் போகும். வீட்டில் இருக்கிற குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும். ஆகவே நாற்பது வயசைத் தாண்டினவர்கள், ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது இளவயசுக்காரர் ஒருவரையும் கூட்டிப் போக வேண்டும்.

பிறகு நாலு சுவர். எங்கள் பக்கத்து வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. மொசைக் தரை, வெறும் சுவர், மேலே கான்க்ரீட். கையைத் தட்டினால் சுவர் திருப்பித் தட்டும். பன்னிரண்டு அடி நீளத்துக்குள் ஏறக்குறைய 48 அதிர்வுள்ள ஒலி அகப்பட்டுக்கொண்டு வெளியேற வழியில்லாமல் முழங்கும். இந்த அறையின் மூலையில் ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தால், தொப்பி அடிக்கிறபோதெல்லாம் யாரோ மாடியில் மூட்டை இறக்குகிற மாதிரி இருக்கும். பின் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுத்து, இரண்டு ஸ்பீக்கரும் நாமும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டும். வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்வது சிரமம். நடை மறிக்கிறது என்பார்கள், அதுவும் நிஜம்தான். தரையில் ஜமுக்காளம், பின் சுவர் ஓரம் சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தைகள், பக்கச் சுவரில் ஒரு புத்தக அலமாரி: இவ்வளவும் சேர்ந்து செய்கிற உபகாரத்தை எந்த வால்வும் செய்யாது. பஞ்சு வியாபாரத்தில் பெயர் எடுத்த ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்?

வத்தல் வியாபாரி கையில் இருந்த பணத்தில் முக்கால் பங்கை ஸ்பீக்கருக்கும், மிச்சத்தைச் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். இசைத்தட்டு வாங்குவதானால் அதற்கேற்ற ப்ரீ ஆம்ப்ளிஃபையர் அதிலேயே அடக்கம். கேட்கிற நேரத்தையும் சொன்னேன். சித்திரையில் ஃபேனை நிறுத்திவிட்டு யாரும் உட்கார முடியாது. ஃபேன் ஓடினால் ஜானகியின் மெல்லிய முடிப்புகள் அதன் இரைச்சலில் போய்விடும். மார்கழி தை மாசங்களில், விடிகாலை நாலரை மணிக்கு, ஃபேன் தேவையில்லை; லாரிகளும் வர ஆரம்பித்திருக்காது. மார்கழிக் காலைகளில் மட்டும், கோவில் குழாய் எழுந்திருக்கும் முன் முடித்துவிட வேண்டும்.